எந்த மாதிரிக் கசப்பு

மாமி,

பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளையும் என் பெண்ணும் சேர்ந்து அனுப்பியது. உள்ளே காபிப்பொடி. கறுப்பு உறை, மேலே வெள்ளை எழுத்து. கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கியதும் சமையலறை முழுக்க வாசனை நிறைந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் படித்தேன். இந்தக் காபியில் ஆரஞ்சு, வெல்லம், மல்லிகைப்பூ மூன்றும் தெரியுமாம். காபி தெரியுமா என்று மட்டும் போடவில்லை.

பெண்ணுக்குப் போன் போட்டு, ஏண்டி இது காபியா, கல்யாண வரிசைத் தட்டா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லும்மா என்றாள்.

எப்படி இருக்குதுன்னு. இந்த ஒரு கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். ஐம்பது வயது வரைக்கும் நான் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்த பொம்பளை. டீ சூடாக இருக்கிறதா, சர்க்கரை போதுமா, அதோடு சரி. உங்கள் நாக்கு உங்களைக் கைவிட்டதும், என் நாக்கை எடுத்துப் பழக்க ஆரம்பித்தீர்கள். பழக்கியும் விட்டீர்கள். ஆனால் நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நீங்கள் கடைசி வரை பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலேயே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் தாங்களே முடிவு செய்துவிட்டு நம்மிடம் வந்து சொன்ன கல்யாணம். மாகறலில் எங்கள் வீட்டில் ஒரு மாசம் சண்டை. சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் வீட்டில் ஒரு மாசம் மௌனம். எது மோசம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் ஒருவழியாகப் பேச வரச் சொன்னீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தோம். அரக்கு நிறப் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

காபி வந்தது. உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தலையை அண்ணாந்து, டம்ளர் உதட்டில் படாமல், கொதிக்கிற காபியை நேரே வாய்க்குள் ஊற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் எதையும் கவனிக்காமல் உறிஞ்சிக் குடித்தார். நான் கவனித்துவிட்டேன், அதுதான் வினை. எங்களுக்கும் முறை தெரியும் என்று காட்ட வேண்டுமென்று அண்ணாந்தேன். பாதி வாயில், மீதி புடவையில். நெஞ்செல்லாம் எரிச்சல். நீங்கள் பதறி ஓடி வந்தீர்கள். துடைக்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். என் புடவையைப் பார்த்துவிட்டு, "அடடா, முதல் டிகாக்ஷனாச்சே அது" என்றீர்கள்.

கறை போகவே இல்லை மாமி. அந்தப் புடவையை மடிப்பை மாற்றி மடிப்பை மாற்றித்தான் பிறகு கட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் உங்களைப் பார்க்க வருவேன். பிள்ளைகள் பெங்களூர் போய்விட்டார்கள், மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார், நீங்கள் தனி ஆள். எனக்கு டீ போதும் என்று சொல்வேன். "டீயா? ஜலதோஷமா?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். பிறகு காபியையே கொண்டுவந்து வைப்பீர்கள், எனக்கென்று தனியாக இருந்த ஓர் எவர்சில்வர் டம்ளரில். விளிம்புக்குக் கீழே லேசாக நசுங்கிய டம்ளர். நான் உறிஞ்சிக் குடிப்பவள் என்பதால் அது மற்ற பாத்திரங்களோடு சேராது, முற்றத்துக் குழாயடியிலேயே கவிழ்ந்திருக்கும். எனக்கு அது தெரியும். நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் வார்டு மெம்பராக இருந்தபோது ஒரு குழாய்க்காக ஊரையே கூட்டிக் கேள்வி கேட்டவள் நான். உங்கள் வீட்டு டம்ளரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம்.

அப்புறம் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, இளைத்து வீட்டுக்கு வந்தீர்கள். ஒருநாள் காலையில் போன் செய்து, கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்கிற ஆளே இல்லை நீங்கள். என்னமோ ஏதோ என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். டபராவை என் மூக்குக்கு நேரே நீட்டி மோந்து பார்க்கச் சொன்னீர்கள்.

"பட்டு கருகற வாடை வரது, இல்லையா?"

நம் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அசல் பட்டா என்று பார்க்கப் புடவை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்துவார்களே, தலைமுடி பொசுங்குகிற அந்த நாற்றம். பொடிக்காரன் ஏமாற்றுகிறான் என்று கடையை மாற்றியிருந்தீர்கள். பால்காரரை மாற்றியிருந்தீர்கள். பாத்திரம் தேய்க்கிற பவுடரைக்கூட விட்டு வைக்கவில்லை. நான் மோந்து பார்த்தேன். காபி வாசனைதான் வந்தது. அதைச் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, பொய் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

உங்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிய மூக்கு டாக்டர் நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். நரம்பு பாதித்திருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினமும் பழகிய வாசனைகளை மோந்துகொண்டே இருங்கள் என்றார். நீங்கள் காபியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கவும், போகிற போக்கில், "நாலு தினுசா குடிச்சுப் பாருங்கம்மா, எதாவது ஒண்ணு பிடிபடும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு ஆறுதல் வார்த்தை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்த உங்களுக்கு அது பாடத்திட்டம்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் தெருவில் காபி குடிக்கிற மாமிகளுக்கா பஞ்சம், அவர்களைக் கூப்பிட வேண்டியதுதானே என்றேன்.

"அவாளுக்கெல்லாம் காபி எப்படி இருக்கணும்னு முன்னாடியே தெரியும். அதையே சொல்லுவா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சம்பந்தி. அதனால நீங்க சொன்னா நிஜமா இருக்கும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வைதீர்கள் என்று எடுத்துக்கொள்வதா? ஆனாலும் வந்தேன்.

முதலில் காந்தி ரோட்டில் பட்டுக்கடைகளுக்கு நடுவே இருக்கிற அந்தப் பழைய ஹோட்டல். நீங்கள் ஒரு வாய் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, டம்ளரை வைத்துவிட்டீர்கள். நான் குடித்தேன். எப்படி இருக்கு என்றீர்கள். நல்லா இருக்குது என்றேன்.

"நன்னாருக்குன்னு சொல்லாதீங்கோ. அது விடை. எனக்கு ஸ்டெப் வேணும்."

கசப்பாக இருக்குது என்றேன். எந்த மாதிரிக் கசப்பு என்று கேட்டீர்கள். பாகற்காயா, வெந்தயமா, வேப்பம்பூவா? நாக்கின் நுனியிலா, அடியிலா? பால் முதலில் தெரிகிறதா, கடைசியிலா? விழுங்கின பிறகு என்ன நிற்கிறது? பக்கத்து மேஜையில் கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் சாப்பிடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. கசப்பில் இத்தனை தினுசு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "காபி மாதிரி கசப்பு மாமி" என்றேன். நீங்கள் ஏமாற்றத்தோடு பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் முட்டை வாங்கின பிள்ளையைக்கூட நீங்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பிறகு நெடுஞ்சாலையோரம் பித்தளை டபராவை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற கடைக்குப் போனோம். பாலைத் தூக்கலாகப் போட்டு ஒரு காபி, பாலே இல்லாமல் ஒன்று, வெல்லம் போட்டு ஒன்று. எல்லாமே உங்களுக்குக் கருகிய பட்டு. எல்லாவற்றையும் நான் குடித்து, எல்லாவற்றுக்கும் ஸ்டெப் சொல்லி, ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டேன். நீங்களோ நன்றாகத் தூங்கியதாக மறுநாள் போனில் சொன்னீர்கள்.

அந்த ஏசி கடையை மறக்க முடியுமா? பெரிய பலகையில் பெயர்கள் எழுதியிருந்ததை வினாத்தாள் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தீர்கள். பின்னால் ஆட்கள் நின்றார்கள், நீங்கள் அசையவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், இதில் எதில் டிகாக்ஷன் தூக்கல் என்று கேட்டீர்கள். எஸ்பிரஸ்ஸோ என்று அவள் கொடுத்தது சொப்பு மாதிரி ஒரு குட்டிக் கோப்பை. "இது டிகாக்ஷன், சரி. பால் எங்கே?" என்றீர்கள். இப்படியேதான் மேடம் குடிக்கணும் என்றாள். கோப்பையை என் பக்கம் தள்ளினீர்கள். கஷாயம் மாமி என்றேன். எந்தக் கஷாயம் என்றீர்கள். அங்கேயே உங்களை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாமா என்று பார்த்தேன்.

அடுத்தது கேப்பச்சினோ. நுரையில் இலை மாதிரி படம் போட்டு, அழகாகத்தான் கொடுத்தாள். நீங்கள் கோப்பையை உயரத் தூக்கி அண்ணாந்தீர்கள். ஒன்றும் வரவில்லை. நுரை அடைத்துக்கொண்டிருந்தது. மாமி வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் இன்னும் கொஞ்சம் சாய்த்தீர்கள். அந்த நுரை அப்படியே மொத்தமாகச் சரிந்து உங்கள் மூக்கு, கண்ணாடி, நெற்றித் திருமண் வரைக்கும் அப்பிக்கொண்டது. பக்கத்து மேஜையில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் திரும்பி, கிராமசபைக் கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்களைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தேன். அடங்கிவிட்டார்கள். நீங்கள் தலைப்பால் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, இதில் காற்றுதான் ஜாஸ்தி என்றீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னீர்கள்.

"சூடு தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியலே."

ஏகாதசிக்கு அன்னத்தை விட்டவர் நீங்கள், மாமா போனபின் வெளியூர் போவதையே விட்டவர். காபியை மட்டும் எதற்காகவும் விட்டதில்லை. பொழுது விடிந்ததற்கு உங்களுக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். அது போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் பிள்ளை, அம்மா சரியா சாப்பிடறாளா என்று என்னிடம்தான் கேட்பான். சாப்பிடுகிறார்கள் என்பேன். நீங்கள் சாத்தமுது என்று சொல்கிற ரசத்தைச் சாதத்தில் விட்டு நாலு கவளம் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவதை அவனிடம் எப்படிச் சொல்வது?

இதற்கு நடுவில் எனக்கு ஒன்று ஆகிக்கொண்டிருந்தது. மாகறல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நாக்கைச் சுழற்றிச் சுழற்றி எதையோ தேடிக்கொண்டிருப்பேன். வீட்டில் போட்ட டீ கழுநீர் மாதிரி இருந்தது. டீத்தூளை மாத்திட்டீங்களா என்று கேட்டேன் வீட்டுக்காரரை. "அதே தூள்தான்மா, அதே பாலுதான். உனக்குத்தான் என்னமோ ஆயிட்டுக்கீது" என்றார். பாத்திரக்கடையில் ஒரு சின்ன ஃபில்டர் வாங்கினேன். உங்களுக்காக வாங்கினேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மறுபடியும் அந்த காந்தி ரோடு ஹோட்டலில் ஒருநாள், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். "முதல்ல வெந்தயக் கசப்பு மாமி, நாக்கு நடுவுல. அப்புறம் பால் வந்து அதை மூடிக்குது. முழுங்கினப்புறம் வேற ஒண்ணு தொண்டையில நிக்குது. தனியாவைக் கொஞ்சம் கருக வறுத்துட்டா வருமே, அது."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "அது சிக்கரி" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. நான் குடித்தேன், உங்களுக்கு இறங்கியது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கு அப்புறம் மழைக்காலம். செய்யாற்றில் தண்ணீர் வந்து, அறுப்பு வேலையும் சேர்ந்துகொண்டு, கொஞ்ச நாள் என்னால் வர முடியவில்லை. வந்து பார்த்தால் உங்கள் வீட்டில் காபி வாசனையே இல்லை. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தால், அடுப்பங்கரை அலமாரியில் ஃபில்டர் இருந்த இடம் காலி. அடுப்பில் கஞ்சி. எங்கே ஃபில்டர் என்றேன். கூடத்துப் பரணில் ஏற்றிவிட்டதாகச் சொன்னீர்கள்.

"போறும் சம்பந்தி. பழகிண்டுட்டேன்."

பழகிக்கொண்ட முகமா அது? எனக்கு வந்த ஆத்திரத்தில் சம்பந்தி முறையெல்லாம் பறந்துவிட்டது. "நான் பாட்டுக்கு டீ குடிச்சிக்கினு இருந்தவ. என் டீயைக் கெடுத்துட்டு, இப்ப நீங்க வுட்டுட்டேன்னா என்ன அர்த்தம்? டீயும் எறங்கல, காபியும் முழுசா புரியல. நடுவுல நிக்கிறேன் நான். யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்றிருப்பார்கள்.

முக்காலியைப் போட்டு ஏறி ஃபில்டரை எடுத்தேன். முற்றத்துக் குழாயடியில் கழுவினேன். அடுப்பங்கரை வாசல் வரைக்கும் போனபிறகுதான் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த வாசலைத் தாண்டினதில்லை. வராதே என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் எழுந்து அந்தப் பக்கம் வந்தால் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றுகொள்வீர்கள், அவ்வளவுதான். அன்றைக்கும் வந்து நின்றீர்கள். என் கையில் இருந்த ஃபில்டரைப் பார்த்தீர்கள். பிறகு ஒதுங்கி வழிவிட்டீர்கள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். வாசலில் நின்றபடியே அதிகாரம் பண்ணினீர்கள். பொடியை ரொம்ப அழுத்தாதீங்கோ. தண்ணி தளதளன்னு கொதிக்கணும். ஃபில்டரைத் தட்டாதீங்கோ, தானா இறங்கட்டும். கரண்டியை அங்கே வைக்காதீங்கோ. கோபமாக வந்தது, ஆனால் பரணில் ஏற்றினவர் திரும்பி வந்துவிட்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

என் நசுங்கின டம்ளரில் கலந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு வாய் உறிஞ்சினேன். சொல்ல ஆரம்பித்தேன். கசப்பு இருக்குது மாமி, ஆனா வெந்தயம் இல்ல, அதைவிட மெலிசு. வேப்பம்பூவை நெய்யில வறுத்தா வருமே, அந்த மாதிரி. ஓரத்துல ஒரு துளி புளிப்பு. பால் பின்னாலதான் வருது. இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது நீங்கள் கையை நீட்டி என் டம்ளரை வாங்கினீர்கள்.

அண்ணாந்து ஊற்றிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அண்ணாக்கவில்லை. நான் வாய் வைத்த பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அதே இடத்தில் உதட்டை வைத்து உறிஞ்சினீர்கள்.

"மாமி, அது எச்சில்."

"தெரியும்."

இன்னொரு வாய் குடித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. எப்படி இருக்குது மாமி என்று கேட்டேன்.

"நன்னாருக்கு" என்றீர்கள்.

நன்னாருக்கு. எனக்கு நீங்கள் தடை போட்ட அதே வார்த்தை. நன்னாருக்குன்னா எந்த மாதிரி, பட்டு வாடை போச்சா, காபி வந்துச்சா என்று விடாமல் கேட்டேன். மழை வருவதற்குள் பஸ் பிடியுங்கோ என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். குழாயடிக்கு இல்லை, உள்ளே.

அதற்குப் பிறகு நான் வந்த நாளெல்லாம் அதே வேலைதான். நான் காபி போடுவேன், ஒரு வாய் குடித்து எப்படி இருக்கிறது என்று சொல்வேன், மீதியை நீங்கள் வாங்கிக் குடிப்பீர்கள். கேட்டால் நன்னாருக்கு. வேறு வார்த்தை கிடையாது. உங்கள் பிள்ளை கேட்டான், டாக்டர் கேட்டார், அவர்களுக்கும் அதேதான். போன புரட்டாசியில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். உங்கள் நாக்குக்குக் காபி திரும்பி வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வந்திருந்தால், ஒவ்வொரு முறையும் என்னை எதற்கு முதலில் குடித்துச் சொல்லச் சொன்னீர்கள்? வரவில்லை என்றால், கருகிய பட்டை எதற்கு மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள்? ஸ்டெப் வேணும், ஸ்டெப் வேணும் என்று என் உயிரை எடுத்த கணக்கு டீச்சர், கடைசிக் கணக்குக்கு விடையை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

வீட்டை ஒழிக்கும்போது, உனக்கு என்னம்மா வேணும், அவங்க பட்டுப்புடவை ஒண்ணு எடுத்துக்கறியா என்று என் பெண் கேட்டாள். நான் நசுங்கின டம்ளரைக் கேட்டேன். அது அடுப்பங்கரை அலமாரியில், உங்கள் டம்ளருக்குள் செருகி வைத்திருந்தது. அந்த வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான்.

அதில்தான் இப்போது பெங்களூர்ப் பொடியைப் போட்டுக் கலந்து வைத்திருக்கிறேன். கூடத்திலிருந்து வீட்டுக்காரர், யார்கூடப் பேசிக்கினு இருக்கிற என்று கேட்கிறார். பேசாமல் டிவியைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாய் குடித்தாயிற்று. மல்லிகையாவது ஒன்றாவது, சுத்தப் பொய். வெல்லம், சரி, அடி நாக்கில் கொஞ்சம் இருக்கிறது. ஆரஞ்சும் இருக்கிறது மாமி, ஆனால் பழம் இல்லை. தோல். நகத்தால் கீறினால் விரலில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தக் கசப்பு.

மீதி பாதி டம்ளர் இருக்கிறது.